பினாங்குக்கு ஒரு அவுட்பாஸ்

பயணமே போகாமல் ஊர் திரும்பியவர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். லண்டனில் குளிர் எப்படி என்று கேட்டுப் பாருங்கள், தோளைச் சிலிர்த்துக்கொள்வார், போன வாரம்தான் அங்கே நடுங்கிவிட்டு வந்த மாதிரி. துபாய்க்குப் போகிறவனிடம் எந்தப் பையில் எதை வைக்க வேண்டும், எந்த வரிசையில் போய் நிற்க வேண்டும், எந்த அதிகாரி சிரித்தால் நாமும் சிரிக்கலாம், எந்த அதிகாரி சிரித்தால் நாம் மூச்சுக்கூட விடக்கூடாது என்றெல்லாம் விலாவாரியாகச் சொல்லிக்கொடுத்து, மீனம்பாக்கம் ஏர்போர்ட் வரை கூடவே போய், கண்ணாடிக்கு வெளியே நின்று கையை ஆட்டி ஏற்றிவிட்டு, பூந்தமல்லி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீடு வந்து சேருவார். அவர் போன அதிகபட்ச தூரம் அந்தக் கண்ணாடி வரைதான்.

இவர்களை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? சுலபம். "சட்டப்படி பாத்தா" என்று ஆரம்பிப்பார்கள். எந்தச் சட்டம்? கேட்கக் கூடாது. நடுவில் கட்டாயம் ஒரு மஸ்கட் கேஸ் வரும். "எனக்குத் தெரிஞ்ச மஸ்கட் கேஸ் ஒண்ணு, இதே மாதிரிதான்." அந்த மஸ்கட் கேஸ் யார், பெயர் என்ன, இப்போது எங்கே இருக்கிறான்? அதையும் கேட்கக் கூடாது. பேச்சு முடியும்போது "நான் சொன்னேன்னு சொல்லு" என்பார்கள். யாரிடம் சொல்வது? இத்தனை சொல் தெரிந்த இவர்களுக்குத் தமிழில் ஒரே ஒரு சொல் மட்டும் நாக்கில் புரளாது. அது எந்தச் சொல் என்று போகப் போகத் தெரிந்துவிடும்.

நம் தாண்டவராயன் இந்த இனத்தில் முதல் தரம்.

மண்ணூர்ப் பக்கம் பிரேக் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் அவர் டைம் ஆபீஸ் கிளார்க். கேட்டுக்குப் பக்கத்தில் சின்ன அறை, அதில் சின்ன ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் அவர். ஷிப்ட் நடுவில் ஒருவன் வெளியே போக வேண்டுமானால் சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கின அவுட்பாஸை அந்த ஜன்னலில் நீட்ட வேண்டும். தாண்டவராயன் அதை ஏற இறங்கப் பார்ப்பார். வெளியே போகிற நேரத்தை எழுதுவார். ரப்பர் ஸ்டாம்பை ஊதா மையில் ஒற்றி, ஒரே குத்து. அவன் திரும்பி வந்ததும் உள்ளே வந்த நேரம், மறுபடி ஒரு குத்து. மாமனார் செத்தவன், பல்வலிக்காரன், பெண் பார்க்கப் போகிறவன், கிரிக்கெட் பார்க்கப் போவதற்காக மாமனாரைச் சாகடித்தவன் என்று பதினாலு வருஷமாக எல்லாரும் அந்தக் குத்துக்குத் தலைவணங்கித்தான் வெளியே போயிருக்கிறார்கள். அந்தப் பதினாலு வருஷத்தில் அவருக்குள் ஒரு ஞானம் கெட்டியாகிவிட்டது. உலகத்தில் எவன் எங்கிருந்து எங்கே போனாலும் அவன் புறப்பட்ட இடத்தில் சீல் விழுந்துவிட்டால் போதும், போய்ச் சேருகிற இடத்துக்காரனுக்குப் பேச வாயில்லை என்பதே அது.

அவரிடம் பாஸ்போர்ட்டும் உண்டு. எழுபத்தொன்பதில் வாங்கியது, எண்பத்தொன்பதில் காலாவதியானது. உள்ளே ஒரு முத்திரைகூட இல்லை. ஆனாலும் சட்டைப் பையில், கரு நீல அட்டையின் விளிம்பு வெளியே தெரிகிற மாதிரி, அது எப்போதும் இருக்கும். கேன்டீனில் சாம்பாருக்குக் குனியும்போது மட்டும் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்வார்.

தொண்ணூற்றொன்றாம் வருஷ ஆயுத பூஜை. மிஷினுக்கெல்லாம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலைப் பொட்டலம் கொடுத்து முடிந்ததும், ஜப்பான்காரக் கூட்டாளிக் கம்பெனியிலிருந்து வந்திருந்த ஒருவர் மேடையேறிப் பரிசு அறிவித்தார். தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் கன்னியப்பன் என்று ஓர் ஆள். மிஷினுக்குக் கீழே எண்ணெய் சிந்தி ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள் என்று பழைய தகரத்தை வளைத்து ஒரு தட்டு செய்து சாய்த்து வைத்திருந்தான். அந்தத் தட்டு ஜப்பான்வரை போய்விட்டதாம். அதற்குப் பரிசாக அவனும் அவன் மனைவியும் சிங்கப்பூருக்கு விமானத்தில் போய், அங்கே ஓர் உல்லாசக் கப்பலில் ஏறி, பினாங்கு, புக்கெட் என்று இரண்டு ஊரைப் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூருக்கே வந்து இறங்கலாம்.

கைதட்டல் அடங்குவதற்குள் கன்னியப்பனின் மனைவி சரோஜா அழ ஆரம்பித்துவிட்டாள். பரிசுக்காக இல்லை. பினாங்கு என்ற பெயருக்காக. அவளுடைய அக்கா ரத்தினம் எழுபத்திரண்டில் கல்யாணமாகிப் பினாங்குக்குப் போனவள். அப்பா சாவுக்கும் வர முடியவில்லை, அம்மா சாவுக்கும் வர முடியவில்லை. பத்தொன்பது வருஷமாக நீல நிற ஏர்மெயில் தாளில்தான் அக்கா. கப்பல் பினாங்கில் காலை எட்டு மணியிலிருந்து இரண்டு மணி வரை நிற்கும் என்று பரிசோடு கொடுத்த காகிதத்தில் போட்டிருந்தது. ஆறு மணி நேரம். அன்று ராத்திரியே அக்காவுக்குக் கடிதம் எழுதிப் போட்டாள், டிசம்பர் பதினொன்றாம் தேதி துறைமுகத்தில் வந்து நில், நான் இறங்கி வருவேன் என்று.

மறுநாள் கன்னியப்பன் ஒரு கத்தைக் காகிதத்தோடு டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தான்.

"அண்ணே, பர்சனல் ஆபீஸ்ல குட்த்தாங்க. பாஸ்போர்ட்டு, சிங்கப்பூர் விசா ரெண்டும் கம்பெனியே எட்த்துடுதாம். மத்த ஊர்ங்களுக்கு நம்பளே விசாரிச்சிக்கணும்னு போட்டுகீதாம். இன்னான்னு பாத்து சொல்லுங்கண்ணே."

தாண்டவராயன் காகிதத்தை வாங்கினார். 'குரூஸ்' என்ற சொல்லை அவர் வாழ்நாளில் அப்போதுதான் பார்க்கிறார். கப்பல் என்றால் ஓர் ஊரில் ஏறி வேறோர் ஊரில் இறங்குவது. ஏறின ஊரிலேயே வந்து இறங்குவதற்கு ஒரு கப்பலா? எதற்கு? அந்தச் சமயத்தில் அந்தச் சொல், நான் முன்னால் சொன்னேனே அந்த ஒரே ஒரு சொல், அவர் நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டைவரை வந்தது உண்மை. ஆனால் கன்னியப்பனுக்குப் பின்னால் ஏழு பேர் அவுட்பாஸோடு நின்றிருந்தார்கள். ஏழு பேரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல் வந்த வழியே இறங்கிப் போய்விட்டது.

"சட்டப்படி பாத்தா" என்றார் தாண்டவராயன்.

ஏழு பேரும் கிட்டே வந்தார்கள்.

"கப்பல்ன்றது இன்னா? ஒரு கம்பெனி. நீ அதுல ஷிப்ட்ல கீற. நடுவுல ஒரு ஆறு மணி நேரம் வெளிய போய்ட்டு வர்ற. வேலைய வுட்டுப் போறியா? இல்ல. ஊரு மாறிப் போறியா? இல்ல. அப்போ உனக்கு இன்னா வேணும்?"

"இன்னாண்ணே?"

"அவுட்பாஸ்! நம்ம கேட்டத் தாண்டி டீ குடிக்கப் போறவன் ஹைவேஸ் டிபார்ட்மென்ட்ல போயா பர்மிஷன் கேக்குறான்? நான் குத்துறேன், போறான், வரான். அதே மாதிரி கப்பல்ல ஒரு கார்டு குடுப்பான். காட்டிட்டு இறங்கு, காட்டிட்டு ஏறு. விசான்றது தங்குறவனுக்கு. எனக்குத் தெரிஞ்ச மஸ்கட் கேஸ் ஒண்ணு, இப்பிடித்தான் தேவையில்லாம விசா எடுத்து வச்சினு மாட்டிக்கினான். விசா இருந்தாத்தான் இவன் தங்கிடுவானோன்னு ஆபீசருக்கு டவுட்டே வரும்!"

கன்னியப்பனுக்குப் பின்னால் நின்றவர்களில் ஒருவன் ஜோயல், குன்றத்தூரிலிருந்து வருகிற லேத் ஆபரேட்டர். "அண்ணன் மூளையே தனி" என்றான் அவன். அந்த வார்த்தைக்குப் பிறகு எந்த மனிதன் பின்வாங்குவான்?

கன்னியப்பன் மட்டும் காகிதத்தின் அடியில் விரலை வைத்தான். "இங்க ஏதோ கட்டம் கட்டிப் போட்டுகீதுண்ணே."

கட்டத்துக்குள் இருந்தது இதுதான்: கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்க விரும்பும் பயணிகள், அந்தந்த நாட்டுக்கு விசா வேண்டுமா என்பதை முன்னதாகவே தகுந்த இடத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்; உரிய ஆவணம் இல்லாதவர்கள் கப்பலிலேயே இருக்க நேரிடும்.

"தகுந்த எடத்துல விசாரிக்கணும்னு போட்டுகீறான்" என்றார் தாண்டவராயன். "விசாரிச்சிட்ட இல்ல?"

"யார்கிட்டண்ணே?"

"என்கிட்ட."

விஷயம் அத்தோடு முடிந்திருந்தால் அவர் வெறும் இரண்டாம் தரம். முதல் தரத்துக்காரர் யோசனை சொல்வதோடு நிற்க மாட்டார், ஒத்திகை பார்ப்பார்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி பஸ் கப்பலானது. டிரைவர் தசரதன் கேப்டன். குன்றத்தூர் மலைக்கோயில் பினாங்கு. கன்னியப்பனும் சரோஜாவும் பயணிகள்; ஓசிப் பயணம் என்று கேள்விப்பட்டு மண்ணூரிலிருந்து இன்னும் முப்பது பேர் வேட்டி சேலை மடிப்புக் கலையாமல் ஏறிக்கொண்டார்கள், அவர்களும் பயணிகள். தாண்டவராயன் படிக்கட்டில் நின்று எல்லாருக்கும் சீல் குத்தின அவுட்பாஸ் கொடுத்தார். "கப்பல் யாருக்காவும் நிக்காது. பன்னெண்டு மணின்னா பன்னெண்டு மணி. கேப்டன் மூணு ஆரன் அடிப்பாரு. அப்புறம் பெத்த தாயே கரையில நின்னாலும் வண்டிய எடுத்துடணும்" என்று தசரதனுக்குக் கண்டிப்பாகச் சொன்னார். தசரதன் ரொம்பப் பொறுப்பான மனிதன். சொன்னதை மனதில் குறித்துக்கொண்டான்.

பினாங்கு அடிவாரத்தில் கப்பலை நிறுத்தியதும், வண்டிகளுக்கு டோக்கன் கிழிக்கிற ஆள் ஒருவன் வந்து கையை நீட்டினான்.

"டோக்கன் எதுக்கு? நாங்க அவுட்பாஸ்ல வந்துகீறோம்" என்று தாண்டவராயன் ஊதா முத்திரையை அவன் மூக்குக்கு நேரே பிடித்தார்.

அவன் அதை வாங்கி இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தான். "இது உங்க கம்பெனி கேட்டுல செல்லும் சார். இங்க செல்லாது. இங்க எங்க டோக்கன் வேணும்."

எவ்வளவு அருமையான வாக்கியம்! பினாங்கு, புக்கெட், உலகத்திலுள்ள அத்தனை துறைமுகத்துக்குமான சட்டம் முழுவதையும் அந்த லுங்கி கட்டின மனிதன் மூன்று வரியில் சொல்லிவிட்டான். நம் ஆளின் காதில் விழுந்ததா? விழுந்தது. ஏறியதா? அவர்தான் பேசிக்கொண்டிருந்தாரே! சீலின் மகத்துவம், கம்பெனியின் மகத்துவம், ஜப்பான்காரனின் மகத்துவம் என்று அவர் பேசி முடிப்பதற்குள் மற்றவர்கள் மலையேறி, முருகனைப் பார்த்து, சுண்டல் தின்று, இறங்கி வந்து, சத்தம் போடாமல் டோக்கனையும் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். பன்னிரண்டு அடித்தது. தசரதன் மூன்று ஆரன் அடித்தான். தாண்டவராயன் அப்போது மஸ்கட் கேஸில் இருந்தார்.

கப்பல் போய்விட்டது.

அவர் டவுன் பஸ் மாறி மாறி ஏறி சாயங்காலம் நாலு மணிக்கு மண்ணூர் வந்து சேர்ந்தார். "தசரதன் பாஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை சரோஜா ஜன்னலுக்கு வந்தாள். புருஷனுக்குச் சோறு கொண்டுவந்தவள், கூடையைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, ராத்திரியெல்லாம் தூக்கமே வர்ல. நேத்து அந்த டோக்கன் ஆள் சொன்னாரே, இங்க செல்லாதுன்னு. அதே மாதிரி அங்கயும் சொல்ட்டாங்கன்னா?"

பாருங்கள், தெய்வம் இரண்டாவது தடவையும் வாய்ப்புக் கொடுக்கிறது. நாளோ நிறைய இருக்கிறது. பட்டணத்தில் விசாரிக்க இடமும் இருக்கிறது. அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும். தாண்டவராயனுக்கும் லேசாகச் சந்தேகம் தட்டியது. தட்டியதைச் சரோஜா பார்த்துவிடப் போகிறாளே என்றுதான் அவர் குரலை உயர்த்தினார்.

"அது குன்றத்தூரும்மா. இது பினாங்கு. வெளிநாட்டுக்காரன் மரியாத தெரிஞ்சவன். ஒரு பேப்பர எப்பிடிப் பாக்கணும்னு அவனுக்குத் தெரியும். உனக்கு அவ்ளோ பயமா கீதா? இந்தா." இரண்டு அவுட்பாஸை எடுத்து, கன்னியப்பன் பெயர், சரோஜா பெயர், போகுமிடம் பினாங்கு, காரணம் அக்காவைப் பார்க்க என்று எழுதி, இரண்டு குத்துக் குத்திக் கொடுத்தார். "கப்பல்காரன் கார்டோட இதையும் சேத்துக் காட்டு. நான் சொன்னேன்னு சொல்லு."

சரோஜா அதை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

டிசம்பரில் அவர்கள் கிளம்பினார்கள். அந்த வாரம் முழுவதும் டைம் ஆபீஸ் ஜன்னலில் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. "இந்நேரம் நடுக்கடல்" என்பார். "இந்நேரம் சாப்பாட்டு மணி அடிச்சிருப்பான்" என்பார். பதினொன்றாம் தேதி காலை எட்டு மணி அடித்ததும் எல்லாரும் பார்க்க, அந்த இரண்டு அவுட்பாஸின் அடிக்கட்டையை எடுத்து, வெளியே போன நேரம் எட்டு என்று எழுதிக் குத்தினார். ஓ.டி. முடித்துப் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இரண்டு மணிக்கு, உள்ளே வந்த நேரம் இரண்டு. இன்னொரு குத்து. பினாங்கில் இங்கத்தி எட்டு மணிக்கா எட்டு மணி அடிக்கும்? அதெல்லாம் அவர் கவலையில்லை. அன்று சாயங்காலம் கேன்டீனில் அவரே எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவர்கள் திரும்பி வந்தார்கள். கன்னியப்பன் நேரே பிரஸ் ஷாப்புக்குப் போய்விட்டான், ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. சோற்றுக்கூடையோடு வந்த சரோஜாதான் நின்றாள்.

"வாம்மா வா! அக்கா எப்பிடிக் கீறாங்க? நான் சொல்லல?" என்றார் தாண்டவராயன். ஜன்னலோரம் நின்றிருந்த ஜோயலைப் பார்த்து, "பினாங்கு ஆர்பர்ல இறங்குன உடனே எடது கை பக்கம் ஒரு மணிக்கூண்டு" என்று வர்ணிக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

சரோஜா முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்த இரண்டு அவுட்பாஸையும் ஜன்னல் கட்டையில் வைத்தாள். வெளியே போன நேரம் காலியாக இருந்தது. உள்ளே வந்த நேரமும் காலியாக இருந்தது.

"எறக்கி வுடலண்ணே" என்றாள்.

தாண்டவராயனின் மணிக்கூண்டு பாதியில் நின்றது.

"கப்பல்ல கார்டு குட்த்தாங்க, நீங்க சொன்னாப்பலயே. படி எறங்கிப் போனா கீழ ஒரு ஆபீசரு. விசா எங்கன்னு கேட்டாரு. இவரு இந்தச் சீட்ட எடுத்து நீட்டினாரு. அந்த ஆபீசரு ரெண்டு கையால வாங்கிப் பாத்தாரு. திருப்பிப் பாத்தாரு. ஊதா சீலக் கூடத் தடவிப் பாத்தாரு. அப்புறம் ரெண்டு கையாலயும் திருப்பிக் குட்த்துட்டு, தலைய ஆட்டிட்டு, மேல போன்னு கையக் காட்டினாரு. மரியாத தெரிஞ்சவருதாண்ணே."

ஜோயல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டான்.

"அக்கா வந்திருந்தாங்களாம்மா?" என்று தாண்டவராயன் கேட்டார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எட்டு மணிக்கே வந்து நிக்கறா. நாங்க ஆறாவது மாடில, கம்பியப் புடிச்சினு. அவ கீழ, வேலிக்கு அந்தாண்ட. பச்சப் பொடவ. அது தெரியுது. கைல அடுக்கு டிபன் கேரியர். அதுவும் தெரியுது. மூஞ்சி தெரியலண்ணே. பத்தொம்பது வருசமா போட்டோவுல பாத்த மூஞ்சி, எப்பிடிக் கீதுன்னு எட்டி எட்டிப் பாக்கறேன், தெரியல. நான் கத்தறது அவளுக்குக் கேக்கல, அவ கத்தறது எனக்குக் கேக்கல."

"அப்புறம்?"

"எங்க பக்கத்து ரூம்ல ஒரு வெள்ளக்காரம்மா. அறுவது வயசிருக்கும். நான் அழுவுறதப் பாத்துட்டு, இவரு கைய ஆட்டி ஆட்டி வெவரம் சொன்னதும், அந்தம்மா எம் பையத் தூக்கினு கெளம்பிடுச்சு. வடகம், நார்த்தங்கா ஊறுகா, அக்காவுக்கு எடுத்த பொடவ, எல்லாம் அதுலதான். அந்தம்மா கீழ போயி, வேலியத் தாண்டி, அக்காகிட்ட பையக் குட்த்து, மேல என்னையக் காட்டுது. அக்கா பைய மோந்து பாக்கறா. அப்புறம் அந்தம்மாவ அப்பிடியே கட்டிப் புடிச்சினு அழுவறா. ரொம்ப நேரம் வுடவே இல்ல. அப்புறம் அங்கியே ஒக்கார வச்சி, டிபன் கேரியரத் தொறந்து, அந்தம்மாவுக்குச் சோறு போடறா. எனக்குன்னு ஆக்கியாந்த சோறு. அவளே பெசஞ்சி கைல குடுக்கறா. நான் மேலேர்ந்து பாத்துக்கினே நிக்கறேன்."

சரோஜா கூடையை எடுத்துக்கொண்டாள். போய்விடுவாள் என்று நினைத்தார். போகவில்லை.

"ரெண்டு மணிக்கு அந்தம்மா ஏறி வந்துச்சு. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல. சொன்னாத்தான் எனக்கு இன்னா புரியப் போவுது? நேரா வந்து என்னையக் கட்டிப் புடிச்சுது. அக்கா எப்பிடிப் புடிச்சாளோ அப்பிடியே, அதே மாதிரி முதுவத் தட்டி. அந்தம்மா பொறங்கைல எங்கக்கா வச்ச கொழம்பு வாசன அடிச்சுது."

தாண்டவராயன் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். 'விசான்னா எந்த விசான்னு அவன் சொல்லியிருக்கணும்' என்றோ, 'எனக்குத் தெரிஞ்ச மஸ்கட் கேஸ்' என்றோ ஏதோ ஒன்று நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"தெரியாதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா, வேற யார்னாகிட்ட கேட்ருப்போம்ண்ணே" என்றாள் சரோஜா. கோபமாகச் சொல்லவில்லை. குழம்பில் உப்பு குறைவு என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். பிறகு பிரஸ் ஷாப் பக்கம் போய்விட்டாள்.

தாண்டவராயனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றால் சும்மா இல்லை, காது மடல் சுட்டது. அன்று மத்தியானம் அவர் கேன்டீனுக்குப் போகவில்லை. அவுட்பாஸ் அடிக்கட்டையைப் புரட்டினார். வெளியே எட்டு, உள்ளே இரண்டு என்று அவருடைய சொந்தக் கையெழுத்தில், சொந்த ஊதா மையில், சரோஜா பினாங்குக்குப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு ஒழுங்காக நேரத்துக்குத் திரும்பியிருந்தாள். அந்த இரண்டு தாளையும் கிழித்தார். கம்பெனி அடிக்கட்டையைக் கிழிப்பது மெமோ வாங்குகிற குற்றம். தெரிந்தேதான் கிழித்தார்.

சட்டைப் பையிலிருந்த பாஸ்போர்ட்டை எடுத்து மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். இரண்டு நாள் ஜன்னல் சாத்தியிருந்த நேரங்களில் உள்ளே அவர் ஒரு சொல்லைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்ததாக வாட்ச்மேன் சொல்கிறான். முதலில் எழுத்தெழுத்தாக. அப்புறம் சேர்த்து. நாற்பத்தெட்டு வயசில் புதிதாக ஒரு சொல்லைக் கற்பது லேசான காரியம் இல்லை, சிரிக்காதீர்கள்.

மூன்றாம் நாள் ஜோயல் வந்தான். அவனுடைய தம்பிக்குத் துபாயில் வேலை கிடைத்திருந்தது. கையில் டிக்கெட்.

"அண்ணே, பாம்பே போயி பிளேன் மாறணுமாம். லக்கேஜ அங்க எடுத்து மறுபடி போடணுமா, அதுவே போய்டுமா?"

தாண்டவராயன் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சை இழுத்தார். பிறகு, மண்ணூர் வட்டாரம் பதினாலு வருஷமாகக் கேட்டிராத அந்தச் சொல்லைத் தெளிவாக உச்சரித்தார்.

"தெரியாது."

ஜோயல் ஆடிப்போய்விட்டான். ஜன்னலுக்குள் தலையை விட்டு அவர் முகத்தைப் பார்த்தான். "உடம்பு கிடம்பு சரியில்லியாண்ணே?"

"தெரியாதுப்பா. டிக்கெட் குடுத்தவங்களப் போய்க் கேளு."

"சரிண்ணே" என்று ஜோயல் நடந்தான். ஒரு அடி. இரண்டு அடி. தாண்டவராயனின் நெஞ்சு ஜிலுஜிலுவென்று லேசானது. உலகம் எவ்வளவு சுலபமாக இருக்கிறது! மூன்று அடி. பதில் இல்லாமல் ஒருவன் தன் ஜன்னலை விட்டுப் போகிறான், அதுவும் இடது கையில் டிக்கெட்டை இப்படி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு போகிறான். நாலு அடி. டிராயருக்குள் பாஸ்போர்ட் கிடக்கிறது.

"ஜோயல்! ஒரு நிமிஷம் இங்க வா. எனக்குத் தெரியாதுதான். ஆனா சட்டப்படி பாத்தா…"

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தாண்டவராயன் அதற்குத் தகுதியானவர்தான். ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். சரோஜா அந்த மேல்மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அப்போது உங்களுக்குள் ஒரு குரல், 'அடடா, அந்த ஆபீசர்கிட்ட இப்படிக் கேட்டிருக்கலாமே, கப்பல் கேப்டன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கேயே ஏதாவது வழி பண்ணிக் கொடுத்திருப்பானே' என்று அவளுக்கு வழி சொல்லவில்லையா?

சொன்னது, இல்லையா?

நீங்கள் பினாங்குக்குப் போயிருக்கிறீர்களா?